மூட்டுகளுக்கும் உண்டு ஒரு தர்மம்





கண்களை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் வலக்கை விரல்கள் மடங்கியிருக்கின்றனவா, நீண்டிருக்கின்றனவா? பார்க்காமலேயே தெரிகிறதல்லவா? இந்த அறிவு எங்கிருந்து வருகிறது என்று சிந்தித்ததுண்டா?

மூட்டுகளைப் போர்த்தியுள்ள உறையிலும், எலும்புகளைப் பிணைக்கும் நாண்களிலும் நுண்ணிய நரம்பு முனைகளை வல்ல இறைவன் பதித்திருக்கிறான். அவற்றுள் ருஃபினி முனைகள், மூட்டின் உறை எவ்வளவு இழுபடுகிறது என்பதைத் தொடர்ந்து தெரிவிக்கின்றன. பசினியன் முனைகளோ அசைவு தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டும் செய்தி அனுப்பிவிட்டு அமைதியாகிவிடுகின்றன. மூட்டு தன் எல்லையை நெருங்கினால் எச்சரிப்பதற்கென்று வேறு சில முனைகள் உண்டு. தசைகளுக்குள் இருக்கும் கதிர் வடிவ உணர்விகளும் இவற்றோடு சேர்ந்து உழைக்கின்றன. உடலின் நிலையை உணர்வதில் முதன்மைப் பங்கு அவற்றுக்கே. இந்த இழுவிசையை நரம்புச் செய்தியாக மாற்றும் 'பீசோ 2' என்னும் புரதத்தைக் கண்டறிந்தமைக்காக, பெய்ரூட்டில் பிறந்த ஆர்டெம் படபூட்டியன் 2021-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்த அருட்கொடை பறிபோனால் என்னவாகும்? 1971-இல் 19 வயது இளைஞர் ஒருவர், நோய்த்தொற்றைத் தொடர்ந்து கழுத்துக்குக் கீழே இவ்வுணர்வை இழந்தார். தசைகளில் வலு இருந்தும் எழுந்து நிற்க இயலவில்லை. ஒவ்வோர் அசைவையும் கண்ணால் பார்த்துப் பார்த்தே மீண்டும் நடக்கப் பழகினார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

சகோதரர்களே! ஒளூச் செய்யும்போது முகம் கழுவக் கண்களை மூடியதும் தள்ளாடும் பெரியவர்கள் நம் வீடுகளிலும் இருக்கலாம். அதை வெறும் முதுமை என்று ஒதுக்கிவிடாதீர்கள். நீண்டகாலச் சர்க்கரை நோயும், வைட்டமின் பி12 குறைபாடும் இவ்வுணர்வைக் குன்றச் செய்யும். அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஒளூச் செய்யுமிடத்தில் அமர ஓர் இருக்கையும், பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும், இரவில் எரிய ஒரு சிறு விளக்கும் அமைத்துக் கொடுங்கள்.

மனிதனின் ஒவ்வொரு மூட்டுக்காகவும் நாள்தோறும் தர்மம் கடமை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். ஒருவர் வாகனத்தில் ஏற உதவுவதையும் அந்தத் தர்மத்தில் சேர்த்தார்கள். நின்று தொழ இயலாதவர் அமர்ந்து தொழவும் மார்க்கம் அனுமதிக்கிறது. எனவே, ஸஃப்பில் மெதுவாக எழும் முதியவரைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள்; கைகொடுத்துத் தூக்கிவிடுங்கள். நலமாயிருக்கும் நம் மூட்டுகள் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.

அந்த நன்றியைச் செலுத்த வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.