வேங்கி யாருக்கு உரியது?



திரிசூலத்துக் குன்றுகளுக்கு நடுவே நிற்கும் திரிசூலநாதர் கோயிலோடு சேர்த்துப் பேசப்படும் முதலாம் குலோத்துங்கன், 1070-இல் சோழ அரியணை ஏறுவதற்கு முன்பே வேறொரு நாட்டுக்கு உரிமை உடையவனாகவும் அந்த உரிமையைப் பறிகொடுத்தவனாகவும் இருந்தான். கோதாவரிக்கும் கிருஷ்ணைக்கும் இடைப்பட்ட வேங்கியே அந்நாடு. கீழைச் சாளுக்கியர் ஆண்ட அது, முதலாம் இராசராசன் காலந்தொட்டுச் சோழரின் துணையாலும் மணவுறவாலும் நிலைபெற்ற அரசாகும்.

வேங்கி வேந்தன் இராசராச நரேந்திரனுக்கும் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவிக்கும் பிறந்தவன் குலோத்துங்கன். 1061-இல் தந்தை மறைந்தபோது அரசு அவனிடம் வராமல், தந்தையின் மாற்றாந்தாய்வழித் தம்பியான ஏழாம் விசயாதித்தனின் பக்கம் போயிற்று. இந்தச் சிற்றப்பனை அரசைக் கவர்ந்துகொண்டவன் என்று மட்டும் சொல்வது நேர்மையாகாது. நரேந்திரனைப் போலவே அவனும் முன்னைய வேங்கி வேந்தன் விமலாதித்தனின் மகன். 1031-இல் ஒருமுறை முடிசூடியவன். வியப்புக்குரிய செய்தி வேறொன்று: வேங்கிக்குள் புகுந்திருந்த கல்யாணிச் (மேலைச்) சாளுக்கியரை விரட்டி அதை மீட்ட வீரராசேந்திர சோழன், அந்நாட்டைத் தன் உடன்பிறந்தாள் மகனான குலோத்துங்கனுக்குத் தராமல் விசயாதித்தனிடமே ஒப்படைத்தான். தாய்வழியில் சோழக் குருதியும் தந்தைவழியில் சாளுக்கியக் குருதியும் உடைய ஓர் இளைஞனின் கையில் வேங்கியும் சேர்ந்தால், அவன் சோழ அரியணையின் பக்கமும் திரும்பக்கூடும் என்ற அச்சம் இதில் கலந்திருந்ததாகக் கொள்வதே பொருந்தும்.

செப்பேடு என்பது அரசர் அளித்த கொடையைச் செம்புத் தகட்டில் பொறித்து, அதன் தொடக்கத்தில் குடிவரலாற்றையும் உரைக்கும் ஆவணம். குலோத்துங்கனின் மகன் வீரசோழனின் செப்பேடுகள் இந்த இழப்பை இழப்பாகக் காட்டவில்லை. சோழநாட்டை விரும்பிய குலோத்துங்கன் வேங்கியைச் சிற்றப்பனுக்குத் தானே மனமுவந்து கொடுத்தான் என்று எழுதுகின்றன. வென்றவன் வீட்டு எழுத்தர் வழக்கின் தீர்ப்பையும் தாமே எழுதிக்கொண்டனர் என்பதை உணராமல் அத்தகடுகளைப் படிப்பவர், கொடை எது, பறிப்பு எது என்பதைப் பிரித்தறிய முடியாது. கோயில் சுவர்க் கல்வெட்டுகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

விசயாதித்தன் இறந்த பின் குலோத்துங்கன் தன் மகன் மும்முடிச்சோழனை வேங்கிக்கு அனுப்பினான். பதினைந்து ஆண்டுகள் தந்தைக்கு மறுக்கப்பட்ட அந்த நாட்டை மகன் ஓராண்டே ஆண்டான். பெற்றோரின் காலடியில் பணிசெய்யும் இன்பம் அரசாட்சியில் இல்லை என்று திரும்பிவிட்டான் என அதே செப்பேடுகள் கூறுகின்றன.