ஒரு சேலையும் மூன்று வாயில்களும்

 

இணையச் சந்தைகளில் நடைபெறும் விற்பனையை ஏ.பி.ஐ. இணைப்பின் வழியே தானே இயங்கச் செய்தல் என்பது இவ்வுரையின் பொருள். பெயர் புதிதாக ஒலித்தாலும் அதனுள்ளே இருப்பது கடைத்தெருவில் வளர்ந்தோர் அனைவரும் அறிந்த பழைய வினாவே. அலமாரியில் இருப்பது எத்தனை? ஏட்டில் இருப்பது எத்தனை? இரண்டும் ஒத்திருக்கின்றனவா?

ஆரணியில் பட்டுச்சேலைக் கடை நடத்தும் வணிகர் ஒருவரை மனத்தில் கொள்க. பட்டுச்சேலை அரிசி மூட்டையைப் போன்றதன்று. மூட்டை ஒன்று விற்றுவிட்டால் அதே போன்ற மற்றொன்றை எடுத்துக் கொடுத்துவிடலாம். கைத்தறிப் பட்டிலோ, இந்த நிறம், இந்தக் கரை, இந்த முந்தானை என்று அமைந்தது பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அச்சேலை கடை அலமாரியிலும் இருக்கிறது; அதன் படம் அமேசானிலும் பிளிப்கார்ட்டிலும் ஏற்றப்பட்டிருக்கிறது. பொருள் ஒன்று, வாயில்கள் மூன்று. காலை 11 மணிக்குத் திருமணத்திற்குத் துணியெடுக்க வந்த குடும்பம் அதைக் கடையிலேயே வாங்கிச் சென்றுவிடுகிறது. கால்மணி நேரங்கழித்துக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் அதே சேலைக்கு அமேசானில் ஆணையிட்டுப் பணமும் செலுத்திவிடுகிறார். இரவு கணக்குப் பார்க்க அமரும்போதுதான், இல்லாத பொருளை விற்றிருப்பது வணிகர்க்குத் தெரிகிறது.

அங்கே கோயம்புத்தூரிலும் ஒரு முகூர்த்தம் இருக்கலாம். பணம் திரும்பிவிடும், நாள் திரும்பாது. வணிகர்க்கும் இழப்பு உண்டு. அனுப்புவதற்கு முன் விற்பனையாளரே நீக்கும் ஆணைகள் 2.5 விழுக்காட்டிற்குள் இருக்க வேண்டும் என்பது அமேசானின் விதி. நாற்பது ஆணைக்கு ஒன்று நீங்கினாலே எல்லை வந்துவிடும். எல்லை மீறினால் விற்பனைக் கணக்கே முடக்கப்படலாம். பெருநிறுவனத்திற்கு நாற்பதில் ஒன்று சிறு தவறு. ஒற்றைச் சேலைகளை விற்பவர்க்கு அது கடையின் வாயிலையே அடைக்கவல்லது.

இந்த இடரைப் போக்கவே ஏ.பி.ஐ. பயன்படுகிறது. இரண்டு மென்பொருள்கள், நடுவே மனிதர் கை படாமல், ஒன்றையொன்று வினவவும் விடையளிக்கவும் வகுத்துக்கொண்ட முறையே அது. பதிவு அலுவலகத்துச் சாளரத்தை இதற்கு உவமையாகச் சொல்லலாம். உள்ளே எவரும் நுழைய இயலாது. குறித்த படிவத்தில் குறித்தவாறு எழுதி நீட்டினால் குறித்த விடை வரும். படிவத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் திருப்பி விடுவார்கள். நீட்டுவோர் யார் என்பதற்கு அடையாளச் சீட்டும் வேண்டும். அமேசானில் அச்சீட்டு ஒரு மணி நேரமே செல்லும். பின்னர்ப் புதிது பெறவேண்டும். அளவுக்கு மீறி அடிக்கடி கேட்டால் “பொறுத்து வருக” என்ற விடையே கிடைக்கும்.

இவ்வகைச் சாளரங்கள் நேற்றுத் தோன்றியவை அல்ல. ஈபே நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே வெளியாரின் மென்பொருள்களுக்குத் தன் சாளரத்தைத் திறந்தது. அமேசான் 2020இல் புதிய சாளரம் ஒன்றை அமைத்து, பழையதை 2024இல் மூடியது. பழைய சாளரத்தை மட்டுமே நம்பியிருந்த மென்பொருள்கள் யாவும் மாற்றி எழுதப்பட வேண்டியதாயிற்று. ஆகவே, ஒருமுறை செலவிட்டு இணைத்துவிட்டால் பின்னர்ச் செலவில்லை என்று விற்க வருவோரின் சொல்லை நம்பலாகாது. ஓட்டு வீட்டுக்கு ஆண்டுதோறும் ஓடு மாற்றுவதைப் போன்றது இது.

இணைப்பு அமைந்த கடையில் நடப்பது இதுவே. ஒவ்வொரு சேலைக்கும் ஒரு குறியீடு இடப்படுகிறது. மூன்று வாயில்களிலும் அதுவே அதன் பெயர். கடையின் கணினியில் இருப்புப் பேரேடு ஒன்றே ஒன்று இருக்கும். எவ்வாயிலில் விற்றாலும் அப்பேரேட்டில் ஒன்று குறையும். குறைந்தவுடன் மற்ற வாயில்களுக்கு “இருப்பு இல்லை” என்ற செய்தி செல்லும். புதிய ஆணை வந்தால் அதன் எண், முகவரி, பொருள் ஆகியவை தாமே பேரேட்டில் ஏறும். பட்டியலும் அனுப்புச் சீட்டும் அச்சாகும். ஒரே ஆணை பற்றிய செய்தி இருமுறை வருவதுமுண்டு. ஆணை எண்ணைக் கொண்டு, முன்னரே பதிந்ததா என்று நோக்கிய பின்னரே பேரேட்டில் கழிக்குமாறு நிரல் எழுதப்பட வேண்டும். இல்லையேல் ஒரு சேலை விற்க இரண்டு சேலை குறையும். சிறு கடையினர் நிரல் எழுதுவோரை வேலைக்கு அமர்த்த வேண்டிய தேவையில்லை. மாதக் கட்டணத்திற்கு இவற்றைச் செய்துதரும் இடைநிலை மென்பொருள்கள் இன்று பல உள்ளன.

எனினும் இங்கே ஓர் உண்மையை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்விணைப்பு இயந்திரத்தையும் இயந்திரத்தையும் சேர்க்கிறதேயன்றிக் கையையும் ஏட்டையும் சேர்ப்பதில்லை. காலை 11 மணிக்குக் கடையில் விற்ற சேலையை விற்பனைப் பணியாளர் பார்கோடு காட்டிப் பதியவில்லையானால், எந்த ஏ.பி.ஐ.யும் அதை அறியாது. கூட்டம் மிகுந்த நாளில் “பிறகு பதிந்துகொள்ளலாம்” என்று கையெழுத்துச் சீட்டில் குறித்து வைக்கும் வழக்கம் பல கடைகளில் உண்டு. இணைப்புக்கு இலட்சங்களைச் செலவிட்டும் இல்லாத பொருளை விற்றுக்கொண்டிருக்கும் கடைகளை ஆராய்ந்தால், பழுது பெரும்பாலும் கம்பியில் இராது. கல்லாவுக்கு அருகில்தான் இருக்கும்.

செய்தி செல்வதற்கும் காலம் ஆகும். சில நிமிடங்கள் என்பது கேட்பதற்குச் சிறிது. ஆனால் பண்டிகை விற்பனை நாளில் அதற்குள் ஒரு சேலை இருமுறை விற்றுவிடும். பத்து இருந்தால் எட்டு என்று இணையத்தில் காட்டும் வழக்கம் இதனால்தான் ஏற்பட்டது. ஒன்றே உள்ள பொருளுக்கு அவ்வழி செல்லாது. அத்தகைய சேலையை ஒரே சந்தையில் மட்டும் காட்டுவதும், கடையில் ஒருவர் அதைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கும்போதே இணையத்தில் நிறுத்தி வைப்பதும் நன்று. விற்பனை சிறிது குறையலாம். சொன்ன சொல் நிற்கும்.

இருப்பைப் போலவே விலையையும் இயந்திரத்திடம் ஒப்படைப்போர் உளர். அங்கே இன்னும் எச்சரிக்கை வேண்டும். 2011 ஏப்ரலில் அமெரிக்காவில் நிகழ்ந்தது இது. ஈயின் கருவளர்ச்சி பற்றிப் பீட்டர் லாரன்ஸ் எழுதிய உயிரியல் நூல் ஒன்று அச்சில் இல்லாதிருந்தது. அமேசானில் அதன் புதிய படியை இருவர் விற்பனைக்குக் காட்டியிருந்தனர். ஒருவரின் நிரல், மற்றவர் விலையில் 0.9983 பங்காகத் தன் விலையை அமைத்தது. மற்றவரின் நிரலோ முன்னவர் விலையை 1.270589 ஆல் பெருக்கியது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு ஏற்றம். அதாவது மூன்று நாளுக்கு ஒருமுறை விலை இரட்டிப்பாயிற்று. பெர்க்லியைச் சேர்ந்த உயிரியலறிஞர் மைக்கேல் ஐசன் இதைக் கண்டு நாள்தோறும் குறித்துவந்தார். ஏப்ரல் 18இல் அந்நூலின் விலை 2,36,98,655 டாலரைக் கடந்து நின்றது. இரு நிரல்களும் தமக்கு இட்ட கட்டளையைப் பிழையின்றியே செய்தன.

இது நகைப்புக்கு உரியது. அடுத்தது நகைப்புக்கு உரியதன்று. 2014 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. பிரிட்டனில் கிறிஸ்துமஸ் வணிகம் மிகுந்திருந்த காலம். வட அயர்லாந்தின் ‘ரிப்ரைசர் எக்ஸ்பிரஸ்’ என்னும் விலை மாற்றும் மென்பொருள், இரவு 7 மணியிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் பழுதுற்று, அதைப் பயன்படுத்திய விற்பனையாளர்களின் பொருள்கள் பலவற்றை அமேசானில் ஒரு பென்னிக்கு இறக்கிவிட்டது. வாங்குவோர் குவிந்தனர். பெரும்பாலான ஆணைகளை நீக்கிவிட்டதாக அமேசான் தெரிவித்தது. ஆயினும் சில பொருள்கள் அதற்குள் கிடங்கிலிருந்து கட்டப்பட்டுப் புறப்பட்டுவிட்டன. அங்கே அனுப்புதலும் தானியங்கி அல்லவா? வீட்டிலிருந்தே தொழில் நடத்திய சிறு விற்பனையாளர்கள் தங்கள் முதலையே இழக்க நேருமோ என்று அவ்விரவில் அஞ்சினர்.

“இதற்குக் கீழே எக்காரணத்தாலும் இறங்காதே” என்ற எல்லை விலை ஒன்றைச் சந்தையிலேயே நேரடியாகக் குறித்துவைக்கும் வசதி அமேசானில் உண்டு. அவ்வெல்லை, விலை மாற்றும் மென்பொருளுக்கு வெளியே இருப்பது இன்றியமையாதது. காவலும் கள்வனும் ஒரே வீட்டில் இருந்தால் காவலுக்குப் பொருளில்லை. அதனோடு, ஒரே நாளில் விலை பாதியாகக் குறைந்தாலோ வழக்கத்தைவிடப் பன்மடங்கு ஆணைகள் வந்தாலோ அனைத்தையும் நிறுத்திவிட்டு உரிமையாளரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். நிறுத்தும் விசை எங்கே உள்ளது என்பதைக் கடையில் குறைந்தது இருவர் அறிந்திருத்தல் வேண்டும்.

வரிக் கணக்கிலும் இணைப்பு உதவும். சந்தை நிறுவனம் விற்பனையாளர்க்குப் பணம் அனுப்பும்போது தரகு, அனுப்புக் கூலி இவற்றோடு வரியும் பிடித்துக்கொள்கிறது. சரக்கு மற்றும் சேவை வரியில் இப்பிடித்தம் 2018 அக்டோபர் முதல் ஒரு விழுக்காடாக இருந்து, 2024 ஜூலை 10 முதல் அரை விழுக்காடாயிற்று. வங்கியில் வந்த தொகையை ஆணைவாரியாகப் பிரித்துக் காட்டும் வேலையை இயந்திரத்திற்கு விட்டுவிடலாம். அவ்வேலையில் மனிதர்க்குப் பெருமை ஒன்றுமில்லை.

இணைக்க எண்ணும் கடையினர் முதலில் செய்ய வேண்டியது மென்பொருள் வாங்குவதன்று. கடையை ஒருநாள் அடைத்து, அலமாரி அலமாரியாக எண்ணுவது. தவறான இருப்பை ஏற்றினால் தவறே மூன்று வாயிலுக்கும் விரைந்து செல்லும். பின்னர் இருபது முப்பது சேலைகளை மட்டும் இணைத்து, இரண்டு வாரம் கையேட்டையும் உடன் எழுதி, இரவுதோறும் ஒப்பிட்டு வருதல் வேண்டும். திரும்பி வரும் சேலைகளைக் குறித்துத் தனி விதி தேவை. சந்தையின் செய்தி “திரும்பியது” என்று சொன்னவுடன் இருப்பில் ஒன்றைக் கூட்டிவிடும் நிரல்கள் உண்டு. சேலையோ இன்னும் கூரியர் வண்டியில் இருக்கும். அல்லது கறையுடன் வந்திருக்கும். பொட்டலத்தைப் பிரித்து, முந்தானை வரை விரித்துப் பார்த்த பணியாளர் பார்கோடு காட்டிய பின்னரே அது இருப்பில் ஏறவேண்டும்.