நம் வீட்டுத் துபாஷிகள்

பிழைப்பை நாடியும் உத்தியோக மாற்றத்தினாலும் டில்லி, மும்பை, கொல்கத்தா போன்ற நகரங்களில் குடியேறியுள்ள நாம், ஊர் மாறியதன் சுமையை வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ரயில் செலவு ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் அளக்கிறோம். அச்சுமையில் நம் பிள்ளைகள் தாங்கும் பங்கு அக்கணக்கில் வருவதில்லை.

வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வகுப்பில் ஆங்கிலம் என மூன்று மொழிகளையும் எட்டு வயதுக் குழந்தை விரைவில் பழகிக்கொள்கிறது. நமக்கும் அது பெருமையே. நாளடைவில், ரேஷன் கடையில் விவரம் கேட்கவும், வீட்டுக்காரரிடம் வாடகைக்குத் தவணை சொல்லவும், மருத்துவரிடம் பாட்டியின் நோயை விளக்கவும் அக்குழந்தையையே அழைத்துச் செல்கிறோம். அது குடும்பத்தின் துபாஷி ஆகிவிடுகிறது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் அறிந்த உண்மை ஒன்றுண்டு. பிறர் பேச்சை எடுத்துரைப்பவனிடம், அவன் சொந்தப் பேச்சு என்னவென்று எவரும் கேட்பதில்லை. பெற்றோரின் பணமுடையை ஊராருக்குச் சொல்லும் சிறுவன், தன் உச்சரிப்பை வகுப்பில் கேலி செய்கிறார்கள் என்பதை யாரிடம் சொல்வான்?

சொல்லப்படாத துயரம் உடலின் வழியே வெளிப்படுவதுண்டு. பள்ளி நாட்களில் காலையில் வயிற்றுவலி வரும். ஞாயிற்றுக்கிழமையன்று அதைக் காணோம். உறக்கம் குறையும், உணவு வெறுக்கும், விளையாட்டில் நாட்டம் போகும். இவற்றை அடம் என்றும் சோம்பல் என்றும் தள்ளிவிடலாகாது. முதலில் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கரும்பலகை தெரியாத கண்ணும், சரிவரக் கேளாத காதும், இரத்தசோகையும் கவனக்குறைவாகவே தோன்றக்கூடும். உடலில் குறையில்லை என்று தெரிந்த பின்னும் இரண்டு வாரங்களுக்கு மேல் இந்நிலை நீடிக்குமானால், மனநல உதவியை நாடத் தயங்க வேண்டாம். 'சாக வேண்டும்போல் இருக்கிறது' என்று பிள்ளை சொன்னால், அன்றைக்கே உதவி நாடுதல் வேண்டும். அதுவரை பிள்ளையைத் தனியே விடலாகாது.

இது எங்கோ ஒரு வீட்டில் நேர்வதன்று. 2015-16 ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயது வரையுள்ளோரில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு உண்டெனக் கண்டது.

உதவிக்கு வழிகளும் உள்ளன. 2020 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பள்ளி நலத் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இரண்டிரண்டு ஆசிரியர்களுக்கு உடல்நல, மனநலப் பயிற்சி அளிக்க ஏற்பாடாயிற்று. நம் பிள்ளையின் பள்ளியில் அவர்கள் யாவர் என்று கேட்டறியலாம். 2022 அக்டோபர் 10 ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி இயங்கும் இச்சேவையில் தமிழிலும் பேசலாம். பிள்ளையின் பொருட்டு மட்டுமல்லாமல், அயலூரில் பேச்சுத் துணையின்றி வாடும் தாயும் தன் பொருட்டு இதனை அழைக்கலாம். நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடையூறாகுமோ என்று அஞ்சுவோருக்கும் ஒன்று சொல்வோம்: சிகிச்சை பெறுவோரின் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தரும் உரிமை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். மருத்துவரிடமோ ஆசிரியரிடமோ பிள்ளையின் துயரத்தைப் பற்றிப் பேசும்போது, அப்பிள்ளையையே துபாஷியாக நிறுத்தாதீர்கள். மொழியறிந்த பெரியவர் ஒருவரை, பிள்ளைக்குச் சம்மதமானவராகப் பார்த்து, உடன் அழைத்துச் செல்லுங்கள். இரவில் உணவருந்தும் வேளையில், மதிப்பெண்ணை ஒத்திவைத்து, 'இன்று யாரோடு விளையாடினாய்?' என்று தமிழில் கேளுங்கள். 'யாரோடும் இல்லை' என்று விடை வந்தால், அன்று மற்றப் பேச்சுகள் காத்திருக்கட்டும்.