சிற்றிலும் சிமினியும்



பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள் என்பது நீங்கள் அறிந்ததே. முதல் ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பின் மூன்றில்தான் வழி பிரிகிறது. ஆண்பாலுக்குரிய சிற்றிற் பருவத்தில், சிறுமியர் மணலிலே வீடு கட்டி, மணலையே சோறாக்கி விளையாடுவர். பாட்டுடைத் தலைவனான குழந்தையோ அதைக் காலால் அழிக்க வருவான். அழிக்காதே என்று அவர்கள் இரந்து நிற்பார்கள். குமரகுருபரரின் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழிலும் இந்தப் பருவம் உண்டு. படிக்க இனிமைதான். ஆனால், அதைப் படிக்கும் போதெல்லாம் எனக்கு என் அக்காவின் ஞாபகம் வந்துவிடுகிறது.

1960களில் எங்கள் வீட்டுக்கு மின்சாரம் வந்திருக்கவில்லை. பொழுதுபட முன் லாம்புச் சிமினி துடைக்க வேண்டும். பெரியவர்களின் கை அதற்குள் நுழையாது. அக்காவுக்கு அப்போது எட்டு வயது, எனக்கு ஐந்து. அவள் சாம்பலைத் தொட்டு, பழஞ்சீலைத் துண்டை உள்ளே விட்டுச் சுழற்றுவாள். கரி போய்க் கண்ணாடி தெளிந்து வருவதைப் பார்க்க எனக்கு ஆசையாயிருக்கும்.

"நானும் துடைக்கட்டோ?"

என் கை அவளுடையதை விடச் சிறியது, தாராளமாக நுழைந்திருக்கும்.

"ஆம்பிளைப் பிள்ளைக்கு உந்த வேலை ஏன்? போய் விளையாடு ராசா" என்பா அம்மம்மா. போனேன். நன்றாகத்தான் விளையாடினேன்.

ஒருநாள் சிமினி உடைந்து அக்காவின் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. அன்றிரவு குப்பி விளக்கில் நான் பாடம் படித்தேன். அவள் கையிலே துணியைச் சுற்றிக்கொண்டு வெங்காயம் உரித்தாள். இரண்டு நாளில் புதுச் சிமினி வந்தது. அதையும் அவளே, இடக்கையால் துடைத்தாள். நான் கேட்கவில்லை. ஆசை அதற்குள் போயிருந்தது.

இப்போது என் பேரனுக்கு நான்கு வயது. தன்னிலும் உயரமான தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். அவன் கூட்டினால் குப்பை மூலைக்கு மூலை பரவும். பிறகு ஒருவர் திரும்பவும் கூட்ட வேண்டும். இந்த இரட்டை வேலைக்குப் பயந்துதான் நாம் தடியைப் பறிக்கிறோம். அந்த வயதில் பிள்ளைக்கு வேலையும் விளையாட்டும் ஒன்றே. பத்து வயதில் கூப்பிட்டுப் பாருங்கள், முகத்தைச் சுளிக்கும். கீரை ஆயலாம், பயற்றில் கல் பொறுக்கலாம், காய்ந்த உடுப்பு மடிக்கலாம். கத்தியும் அடுப்பும் கண்ணாடியும் பிந்தட்டும். (பிறர் வீட்டில் வேலைக்கு விடப்பட்ட பிள்ளைகளின் கதை வேறு, அது கொடுமை. அதை இதனோடு குழப்ப வேண்டாம்.)

போன மாதம் அக்கா வந்திருந்தாள். குசினி வாசலில் பேரன் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தான். பாதி நிலத்தில். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கொப்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"நீயும் இருந்து உருவடா தம்பி."

உள்ளங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. இருந்தேன். எனக்கு உருவத் தெரியவில்லை. பேரன்தான் காட்டித் தந்தான்.