களத்தில் நிற்கும் மனிதனே!



காட்டு யானைக்கும் காட்டோரத்து விவசாயிக்கும் நடக்கிற மோதலைப் பெரிதும் தணிப்பது கருவியா, களத்தில் நிற்கும் மனிதனா? எனக்கு முன்னால் பேசிய நண்பர் அகழி என்றார், சோலார் வேலி என்றார், 2024-லே மதுக்கரை ரயில் பாதையில் வைத்த கேமரா என்றார். கேட்கக் கேட்க எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவர் யானையை விரட்ட வந்தாரா, கடை விரிக்க வந்தாரா? (சிரிப்பு)

ஐயா, அகழி வெட்டினால் யானை என்ன செய்கிறது தெரியுமா? கரை மண்ணைக் காலாலே சரித்து, பள்ளத்தைத் தூர்த்துக்கொண்டு ஏறி வந்துவிடுகிறது. சோலார் வேலியா? தந்தத்திலே ஷாக் அடிக்காது என்று கண்டுபிடித்து, தந்தத்தாலேயே கம்பியை அறுக்கிறது. இல்லையென்றால் மரத்தை முறித்து வேலி மேலே சாய்க்கிறது. நாமெல்லாம் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். அது பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை! (கைதட்டல்)

வால்பாறையைச் சொன்னார்கள். நல்ல உதாரணம்தான். தேயிலைத் தோட்டத்திலே யானை நிற்பது தெரியாமல் நடந்துபோய் உயிரை விட்டவர்கள் அங்கே உண்டு. அதற்காகச் சிவப்பு விளக்கு வைத்தார்கள், செல்போனுக்குச் செய்தி அனுப்பினார்கள், உள்ளூர் கேபிள் டி.வி.யிலே எழுத்து ஓடவிட்டார்கள். பலன் கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் நண்பரே, அந்த விளக்கு தானாகவா எரிந்தது? யானையைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் போன் போட்டாரே, அதனாலல்லவா எரிந்தது! விளக்கைச் சொன்னீர்கள், போன் போட்டவரை விட்டுவிட்டீர்களே!

2019 ஜனவரி. கோவை தடாகம் பக்கத்திலே சின்னத்தம்பி என்ற யானை. மயக்க ஊசி, கும்கி, லாரி, கழுத்திலே ரேடியோ காலர், எல்லாம் இருந்தது. பிடித்துக்கொண்டுபோய் டாப்சிலிப் பக்கம் விட்டார்கள். அது என்னடாவென்றால், சில நாளிலேயே இறங்கி உடுமலைப் பக்கம் கரும்புத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. காலர் என்ன செய்தது? 'யானை இங்கே இருக்கிறது' என்று சொன்னது. அவ்வளவுதான். பிப்ரவரி நடுவிலே மறுபடி பிடிக்கிறவரைக்கும் காவல் நின்றது மனிதர்கள். யானையையும் பார்க்கணும், யானையைப் பார்க்க வந்த கூட்டத்தையும் பார்க்கணும். இதிலே இரண்டாவதுதான் கஷ்டம்! (சிரிப்பு)

இது புதிய சண்டையில்லை. குறிஞ்சி நிலத்திலே பரண் கட்டித் தினைப்புனம் காத்தவர்கள் நாம். புறநானூற்றிலே பிசிராந்தையார், பாண்டியன் அறிவுடை நம்பிக்கு ஒரு கணக்குச் சொல்கிறார். நெல்லை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் கொஞ்ச நிலமே யானைக்குப் பல நாள் வரும். அதுவே வயலுக்குள் இறங்கிவிட்டால், வாய் தின்பதைவிடக் கால் மிதிப்பது அதிகம் என்கிறார். வரி வாங்குகிற ராஜாவுக்குச் சொன்னது அது. ஆனால் காட்டோரத்து விவசாயியைக் கேளுங்கள், அப்படியே ஒப்பிப்பார்.

என்னிடம் தமிழ் படித்த ஒரு மாணவர் மலையடிவாரத்திலே யானை விரட்டும் காவலராக இருக்கிறார். தற்காலிக வேலை. "ஒரு ராத்திரி வந்து பாருங்க ஐயா" என்றார், போனேன். மூன்று மணிக்கு ஒரு வாழைத்தோட்டத்திலிருந்து போன். ஜீப்பிலே போய் இறங்கினோம். யானை போய்விட்டது. தார் விட்ட வாழை அத்தனையும் தரையிலே. சொட்டுநீர்க் குழாயெல்லாம் நசுங்கிக் கிடக்கிறது. தோட்டக்காரருக்கு அறுபது வயதிருக்கும். என் மாணவரைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா? உங்க யானைய உங்க காட்டுல கட்டிப் போடுங்க! இல்லீன்னா நாளைக்கு ஈ.பி. லைன எடுத்துக் கம்பியில குடுத்துருவேன்!" என்று கத்துகிறார்.

நடுவர் அவர்களே, இது வெறும் கோபப் பேச்சில்லை. 2023 மார்ச்சிலே தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியிலே மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அனாதையாக நின்றன. மின்வேலிக்கு அனுமதி வாங்கணும் என்று அதே வருஷம் தமிழ்நாட்டில் விதி வந்தது. ஆனால் ராத்திரி மூன்று மணிக்கு, வாழை சாய்ந்து கிடக்கிற தோட்டத்திலே, விதி வந்து பேசுமா?

என் மாணவர் பேசினார். பேசினார் என்றுகூடச் சொல்லக்கூடாது, கேட்டுக்கொண்டே நின்றார். வசவு முழுவதையும் வாங்கிக்கொண்டார். அப்புறம் டார்ச்சை அடித்து, சாய்ந்த மரத்தை ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்தார். "அண்ணா, நீங்களும் கூட வாங்க, எண்ணிக்கை தப்பக்கூடாது" என்றார். அவர் முனகிக்கொண்டே கூட நடந்தார். நிவாரண மனுவை அங்கேயே எழுதி, காலையிலே கிராம நிர்வாக அலுவலரிடம் நானே கூட வருகிறேன் என்றார். விடிகிற நேரத்திலே அந்த வீட்டு அம்மா எங்களுக்கு டீ கொண்டுவந்தார்கள். யாரும் ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் ராத்திரி நான் ஊருக்குக் கிளம்பும்போது மாணவருடைய போன் அடித்தது. அதே தோட்டக்காரர். "தம்பி, பள்ளத்துக்கிட்ட கிளை முறியற சத்தம் கேக்குது. நான் கம்பிய எதுவும் பண்ணல. சீக்கிரம் வாங்க" என்றார். என்னை பஸ் ஏற்றிவிடக்கூட நேரமில்லாமல் ஓடினார் என் மாணவர். (பலத்த கைதட்டல்)

மணி அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை உங்களிடமே விட்டு அமர்கிறேன்.