கம்பஸுக்கு யார் காசு கட்டுறது?

(ஸ்காபரோ இளையோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

என்னுடையது வீட்டுத் தமிழ். பிழை இருந்தால் பிறகு சொல்லுங்கோ.

எங்கட வீடுகளில் தரப்படுத்தல் எண்ட சொல்லைக் கேளாமல் வளர்ந்த பிள்ளை இல்லை. 1971 அனுமதி. 400 புள்ளிக்கு, தமிழில் எழுதின மாணவர் மருத்துவ பீடத்துக்குப் போக 250 எடுக்க வேணும். சிங்களத்தில் எழுதினவருக்கு 229 போதும். இந்த இரண்டு எண்ணையும் என்ர அப்பா நித்திரையிலும் சொல்லுவார். இத்தனைக்கும் அப்ப அவர் பாலர் வகுப்பு. ஆனால் என்ர ஓசாப் கடன் எவ்வளவு எண்டு கேட்டால் அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை.

250 எண்ட எண்ணுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கினவை. அது ஒரு இனத்தின்ர பிரச்சினை எண்டு எல்லாருக்கும் விளங்கினது. கடன் மட்டும் ஏன் அவரவர் வீட்டுப் பிரச்சினையாய்ப் போனது?

ஒரு காரணம், அங்கே அந்தக் கேள்வி எழவில்லை. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் இல்லை. எடுபட்டால் போதும். (எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுபட வாய்ப்பிருந்தது எண்டு சொல்ல மாட்டன். யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை வாங்கில் இருக்க விடாத பள்ளிக்கூடங்களும் எங்கட வரலாறுதான். அதை அப்பா சாப்பாட்டு மேசையில் சொல்லுறேல்லை.) ஆகவே கதவு யாருக்குத் திறக்கும் எண்டு சண்டை பிடிக்கப் பழகினோம். உள்ளே போக எவ்வளவு, அதை ஏன் நாங்கள் கட்டவேணும் எண்டு கேட்கப் பழகவில்லை.

இனி ஒன்ராறியோவுக்கு வருவம். 2017இல் லிபரல் அரசு ஓசாப்பை மாற்றியது. குடும்ப வருமானம் 50,000 டொலருக்குக் கீழே எண்டால், சராசரிக் கட்டணத்தின் அளவுக்குக் கிராண்ட் கிடைக்கும். திருப்பிக் கட்டத் தேவையில்லை. நான் 2018 செப்டம்பரில் முதலாம் வருஷம். அப்பா ஃபாக்டரி, அம்மா முதியோர் இல்லம். அந்த வருஷக் கட்டணத்துக்கு எங்களிட்ட ஒரு சதமும் கேட்கவில்லை.

2019 ஜனவரியில் ஃபோர்ட் அரசு கட்டணத்தை 10 வீதம் குறைப்பதாக அறிவித்தது. மாமா போன் எடுத்து வாழ்த்துச் சொன்னார். அதே அறிவிப்பில் அந்த இலவசம் இல்லாமல் போனது. படிப்பு முடிந்த பின் வட்டியில்லாமல் இருந்த ஆறு மாதத்துக்கும் வட்டி வந்தது. யோசித்துப் பாருங்கோ: கட்டணமே கட்டாத பிள்ளைக்கு 10 வீதக் குறைப்பால் என்ன லாபம்? முழுக் காசையும் கையிலிருந்து கட்டக்கூடிய வீடுகளுக்குத்தான் அது முழுதாய்ப் போய்ச் சேர்ந்தது. குறைந்த வருமானத்தை அரசு பல்கலைக்கழகங்களுக்கு ஈடுசெய்யவுமில்லை. அவை வெளிநாட்டு மாணவர்களை இன்னும் கூடுதலாய் நம்பின. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் கலைப் படிப்புக்கு ஒன்ராறியோ மாணவர் கட்டுவது வருஷத்துக்கு ஏறத்தாழ 6,100 டொலர். சென்னையிலிருந்து வாற பிள்ளைக்கு அது கிட்டத்தட்டப் பத்து மடங்கு. அந்தப் பிள்ளைகளால்தான் வாடகை ஏறினது எண்டு எங்கட ஆக்களே கதைக்கினம். அந்தக் காசில்தான் எங்கட வகுப்பறை ஓடினது எண்டு யாரும் கதைக்கிறேல்லை.

குயின்ஸ் பார்க்கில் மாணவர்கள் கூடின அண்டைக்கு நான் போகவில்லை. எனக்கு ஷிஃப்ட் இருந்தது.

கடன் வந்த பிறகுதான் 'ஏன் படிக்கிறன்' எண்ட கேள்வியும் வந்தது. இரண்டாம் வருஷம் வரலாற்றை விட்டுக் கணக்கியலுக்கு மாறப் படிவம் நிரப்பினன். அனுப்பவில்லை. வீரமெண்டு நினைக்காதேங்கோ, கணக்கியலுக்குக் கட்டணம் இன்னும் கூட. என்னோடு படிச்ச இரண்டு பேர் மாறிவிட்டினம். அவை விரும்பித்தான் மாறினவையோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது. அவைக்கும் தெரியாது எண்டுதான் நினைக்கிறன். ஒரு பாடத்தை ஏன் படிக்கவேணும் எண்டதற்கு ஆசை, ஊர், அரசியல் எண்டு நூறு காரணம் இருக்கலாம். மாதாமாதம் வாற கடிதம் அதில் ஒன்றைத்தான் மதிக்கும்.

அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் வாசிப்பம். 2023 ஏப்ரல் முதல் மத்திய அரசு தன்ர பங்குக் கடனுக்கு வட்டியை நிரந்தரமாய் நீக்கிவிட்டது. ஒன்ராறியோ பங்குக்கு வட்டி இன்னும் ஓடுது. ஒரே ஆள், ஒரே படிப்பு. வட்டியை எடுக்கிறதும் விடுறதும் அரசியல் முடிவு எண்டதுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

கியூபெக்கை நாங்கள் போதுமளவு படிக்கேல்லை. 2012இல் ஷாரே அரசு ஐந்து வருஷத்தில் 1,625 டொலர் ஏற்றப் பார்த்தது. எங்கட கட்டணத்தோடு பார்த்தால் சின்னத் தொகை. அவை வகுப்புகளைப் பகிஷ்கரித்து, சிவப்புச் சதுரம் குத்தி, மாதக்கணக்காய் நின்றினம். ஊர்வலத்தை ஒடுக்க மே மாதம் சட்டம் 78 வந்தது. சனம் இரவில் சட்டி தட்டிக்கொண்டு வெளியே வந்தது. செப்டம்பரில் ஷாரே தோற்றார், ஏற்றம் ரத்தானது. அங்கே ஒவ்வொரு துறையிலும் மாணவர் கூட்டம் போட்டு, கை உயர்த்தி வாக்களித்துத்தான் பகிஷ்கரிப்பைத் தொடங்கினவை. அதுக்கு முதல், தன்ர கடனை மற்றவனுக்குச் சொல்ல வெட்கப்படாத ஒரு சூழல் வேணும்.

எங்களிட்ட அது இல்லை. சீட்டுக் காசு எவ்வளவு, வீடு எவ்வளவுக்குப் போனது எண்டு ஊருக்கே தெரியும். பிள்ளையின்ர கடன் மட்டும் இரகசியம்.

அதனால் இண்டைக்குத் தேத்தண்ணிக்குப் பிறகு ஒரு வேலை செய்வம். உங்கட கடன் கடிதத்தைப் போனில் திறவுங்கோ. மத்திய பங்கு எவ்வளவு, மாகாணப் பங்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு எண்டு ஒரு தாளில் எழுதுவம். பெயர் போடத் தேவையில்லை. எல்லாத்தையும் கூட்டி, அம்மா அப்பாக்கள் வாசிக்கக்கூடிய தமிழில் ஒரு பக்கம் எழுதி, அடுத்த கடிதத்தில் அனுப்புவம்.

முதல் தாள் என்ர. 31,400 டொலர். பெயரும் போட்டிருக்கிறன்.