சிரிக்க வைத்துச் சொல்லும் கலை



நாட்டு நடப்பை எடுத்துச் சொல்வது செய்தித்தாளின் வேலை மட்டுமன்று. கலைக்கும் அதில் பங்கு உண்டு. தெருக்கூத்தில் வரும் கட்டியங்காரனை நாம் அறிவோம். ராஜா கதைக்கு நடுவே நம் ஊர்க் கதையையும் அவன் நையாண்டியாகச் சொல்லிவிடுவான்.

பினாங்கிலும் இத்தகைய கலை ஒன்று உண்டு. அதன் பெயர் போரியா. 19ஆம் நூற்றாண்டில் சென்னைப் படையைச் சேர்ந்த முஸ்லிம் சிப்பாய்கள் இதை ஜார்ஜ்டவுனுக்குக் கொண்டுவந்தார்கள் என்பர். முஹர்ரம் மாதத் தொடக்கத்தில் குழுக்கள் வீடு வீடாகச் சென்று பாடி ஆடின. நாளடைவில் இது மலாய் மொழிக் கலையாக வளர்ந்தது. முதலில் ஒரு சிரிப்பு நாடகம், அதன்பின் பாட்டு. பாட்டுக் கட்டுபவரைத் 'துக்காங் காராங்' என்பார்கள். அவர் முன்னே பாட, குழுவினர் பல்லவியைத் திருப்பிப் பாடுவர். அன்றன்றைய நடப்புகள் அந்தப் பாட்டில் இடம்பெறும். பிற்காலத்தில் போதைப்பொருளின் தீமையையும் போரியா எடுத்துச் சொன்னது.

ஆனால் இங்கே நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வசதியுள்ளவர் வீட்டு வாசலில் அவரைப் புகழ்ந்து பாடி அன்பளிப்புப் பெறுவதும் போரியாவில் வழக்கமாக இருந்தது. அன்பளிப்புக் கொடுப்பவரின் குறையை அவர் வாசலிலேயே பாடுவது எளிதா?

எளிதன்று. எனினும் பாடியவர்கள் இருந்தார்கள். தமிழ்நாட்டு நாடக நடிகர் விசுவநாததாஸ், 'வள்ளி திருமணம்' நாடகத்தில் பறவை விரட்டும் பாட்டைப் பாடும்போது, வெள்ளைக் கொக்கைச் சொல்லி வெள்ளையர் ஆட்சியைக் குத்திக்காட்டினார். கேட்டவர்களுக்குப் பொருள் விளங்கியது, போலீசாருக்கும் விளங்கியது. பலமுறை சிறை சென்றும் அவர் பாட்டை நிறுத்தவில்லை. 1940ஆம் ஆண்டில் முருகன் வேடத்துடன் மேடையிலேயே உயிர் நீத்தார்.

நம் கோயில் திருவிழாவிலும் பள்ளி விழாவிலும் மேடை இருக்கிறது. அதில் பெரும்பாலும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? குடிகாரனை, திக்கிப் பேசுபவனை, கறுத்த பெண்ணை. இவர்கள் திருப்பி அடிக்கமாட்டார்கள் என்பதால்தானே? குடிப்பவனைக் காட்டி முடிக்காமல், அவன் சம்பளத்தை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் வட்டிக்காரனையும் மேடைக்குக் கொண்டுவருவோம். பிள்ளையைப் பாதியில் பள்ளியிலிருந்து நிறுத்தும் பெற்றோரைக் காட்டுவோம். அந்தப் பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்காத ஆசிரியர்களாகிய எங்களையும் காட்டுங்கள்.

ஆளின் பெயரைச் சொல்லி இழிவுபடுத்த வேண்டாம். செயலைக் காட்டினால் போதும். உரியவர் தம்மை அடையாளம் கண்டுகொள்வார். இவ்வாண்டுத் திருவிழாவுக்குப் பத்து நிமிட நாடகம் ஒன்றை உங்கள் பிள்ளைகளோடு சேர்ந்து எழுதிப் பாருங்கள்.